பூட்டு போடாத ஒரு சுவிட்ச்

லண்டனுக்கு வடக்கே வீடு தேடும் நம்ம ஆட்கள் பள்ளிக்கூடம், ரயில், கோயில் எல்லாம் விசாரிப்பார்கள். பக்கத்துத் தொட்டிகளில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம்.

2005 டிசம்பர் 11, ஞாயிறு. ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டை ஒட்டிய பன்ஸ்ஃபீல்ட் கிடங்கில் 912-ஆம் எண் தொட்டி நிரம்பி, 2,50,000 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வழிந்தது. அதன் ஆவி பரவி, காலை ஆறு மணிக்கு வெடித்தது. 43 பேருக்குக் காயம். உயிரிழப்பு இல்லை. வேலை நாளாக இருந்திருந்தால், சுற்றியுள்ள அலுவலகங்களை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

தொட்டிக்கு இரண்டு காவல் இருந்தது. மட்டம் காட்டும் கருவி சிக்கிக்கொண்டு ஒரே அளவையே காட்டியது. மூன்றரை மாதத்தில் 14 தடவை அப்படிச் சிக்கியிருக்கிறது! அடுத்தது, தானாக நிறுத்தும் சுவிட்ச். அதன் சோதனைக் கைப்பிடியை நிலையில் நிறுத்த ஒரு பூட்டு தேவை. அது எதற்கென்று புரியாததால் போடவே இல்லை. சுவிட்சும் வேலை செய்யவில்லை.

2010-இல் ஐந்து நிறுவனங்களுக்கு அபராதமும் செலவுமாக சுமார் 95 லட்சம் பவுண்டு விதிக்கப்பட்டது.

ஐடிக்காரனாகச் சொல்கிறேன்: அடிக்கடி மக்கர் பண்ணும் அலாரத்தை ரீசெட் செய்துவிட்டு நகர்வது எங்களுக்கும் பழக்கம்தான். எங்களிடம் சர்வர் படுக்கும். அங்கே ஊரே எரியும். அதனால் ஆய்வாளர் கேட்க வேண்டியது, ‘கருவி இருக்கா?’ என்றல்ல, ‘கடைசியா எப்போ சோதிச்சீங்க?’ என்று.

அபாயப் பொருள் வைத்திருக்கும் இடங்களின் விவரத்தை மக்களுக்குத் தரணும் என்பது இங்கே சட்டம். எச்.எஸ்.இ. இணையதளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டுப் பாருங்கள். வீடு வாங்குவதற்கு முன்னாடியே.