தகவல் துளி: நெல்லை எழுத்தாளர்களுக்கு மின்னூல் வழி

கடையத்தில் குடியிருந்த பாரதியார், தம் எழுத்துகளை 40 தொகுதிகளாக அச்சிட விரும்பி, 1920-இல் அன்பர்களிடம் கடனுதவி கேட்டுச் சுற்றறிக்கை விட்டார். அந்தத் திட்டம் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. இன்று தாமிரபரணிக் கரையில் எந்த ஊரிலிருந்தும், கைக்காசு போடாமல் மின்னூல் வெளியிடலாம். அதற்கு ஒரு வழி, அமேசானின் மின்னூல் தளமான கிண்டில். அதில் 2016 முதல் தமிழ் நூல்கள் கிடைக்கின்றன.

யூனிகோடு எழுத்துருவிலேயே தட்டச்சு செய்யுங்கள், நேயர்களே. பழைய எழுத்துருவில் அடித்த 'தாமிரபரணி', வாசகரின் போனில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறித் தெரியும். அட்டைப்படம் அங்கே கட்டைவிரல் அகலம்தான். தலைப்பைப் பெரிதாகப் போடுங்கள்.

கிண்டிலின் 'செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால், 90 நாளில் 5 நாள் நூலை இலவசமாகக் கொடுத்து வாசகரைச் சேர்க்கலாம். ஆனால் அந்த 90 நாளும் அதன் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைப்பூவில்கூட! அச்சுப் புத்தகத்துக்குத் தடையில்லை. நிதானமாக யோசித்துச் சேருங்கள்.

பணம் வேண்டாம், நாலு பேர் படித்தால் போதும் என்பவர்களின் நூல்களை, 'ஃப்ரீ தமிழ் இபுக்ஸ்' தளம் யாரும் பகிர இசைவு தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடுகிறது. பீரோவில் கிடக்கும் உங்கள் கதை நோட்டை இந்த வாரமே வெளியே எடுங்கள்.