குதிரையைக் கொன்ற கரடிக்கு தண்டனை! போப் ஆண்டவர் சின்னத்தில் ஏறிய கதை

குற்றவாளி ஒரு கரடி. தீர்ப்பு சொன்னவர் ஒரு பிஷப். சுமார் 1,250 வருஷம் கழித்து அந்தக் கரடி இன்னொரு பிஷப்பின் சின்னத்தில் இடம் பிடித்தது. பிறகு போப் ஆண்டவரின் சின்னத்திலும் ஏறிவிட்டது!

8-ம் நூற்றாண்டு. ஜெர்மனியில் உள்ள ப்ரைசிங் நகரின் முதல் பிஷப்பாகப் போற்றப்படும் கோர்பீனியன், ரோமாபுரிக்குப் புறப்பட்டார். வழியில் ஒரு கரடி பாய்ந்து, மூட்டை சுமந்த குதிரையைக் கொன்று விட்டதாம்.

பிஷப் அசரவில்லை. குதிரையைக் கொன்றவனே மூட்டையைத் தூக்கணும். இதுதான் தீர்ப்பு! கரடியும் சாதுவாகச் சுமந்து போனதாம். ரோமாபுரி சேர்ந்ததும் விடுதலை. கரடி காட்டுக்குப் போய்விட்டது.

குஞ்சத்தை எண்ணு!

கத்தோலிக்க பிஷப் ஒவ்வொருவருக்கும் தனிச் சின்னம் உண்டு. நடுவில் கேடயம், அதன்மேல் தொப்பி. இரண்டு பக்கமும் குஞ்சங்கள் தொங்கும். குஞ்சத்தை எண்ணினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பிஷப் என்றால் பச்சைத் தொப்பி, பக்கத்துக்கு 6 குஞ்சம். ஆர்ச் பிஷப்புக்கு 10. கார்டினல் என்றால் சிவப்புத் தொப்பி, பக்கத்துக்கு 15.

1977-ல் மியூனிக்-ப்ரைசிங் ஆர்ச் பிஷப் ஆனார் ஜோசப் ராட்சிங்கர். அவர் சின்னத்தில் மூன்று உருவங்கள்.

ஒன்று, கிரீடம் வைத்த கறுப்பு மனிதரின் தலை. 14-ம் நூற்றாண்டில் இருந்தே ப்ரைசிங் பிஷப்புகளின் அடையாளம் இது.

இரண்டாவது, கடல் சிப்பி. கடல் தண்ணீரை எல்லாம் சிப்பியால் மொண்டு குழியில் ஊற்றப் பார்த்த சிறுவனை புனித அகுஸ்தீன் கண்டதாக ஒரு கதை. கடவுளை மனித மூளைக்குள் அடைக்க முடியாது என்பது பாடம்.

மூன்றாவது, முதுகில் மூட்டையோடு நமது கரடி!

இறக்கி வைத்தார்

1981-ல் ராட்சிங்கருக்கு வாடிகனில் பெரிய பொறுப்பு வந்தது. வயதான பிறகு, ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்று பல தடவை கேட்டுப் பார்த்தார். போப் 2-ம் ஜான்பால் விடவில்லை. கரடிக்கு விடுதலை கிடைத்தது, தனக்கு எப்போது என்று தெரியவில்லை என்ற ஏக்கத்தை தன் வாழ்க்கை வரலாற்று நூலிலேயே எழுதினார்.

விடுதலைக்குப் பதில் வந்தது இன்னும் பெரிய மூட்டை. 19-4-2005 அன்று அவரே போப் ஆனார். பெயர் 16-ம் பெனடிக்ட். புதிய சின்னத்தில் போப்புகளின் மூன்றடுக்குக் கிரீடத்தை எடுத்துவிட்டு, பிஷப் அணியும் தலைப்பாகையை வைத்தார். கரடியை மட்டும் விடவில்லை.

28-2-2013 அன்று மூட்டையைத் தானே இறக்கி வைத்தார். சுமார் 600 வருஷத்தில் பதவி விலகிய முதல் போப் அவர்தான். உலகமே திகைத்தது.

ஆனால் சொந்த ஊரில் போய்க் குடியேறவில்லை. 2020-ல் மரணப் படுக்கையில் கிடந்த அண்ணனைப் பார்க்க ஒரே ஒரு தடவை ஜெர்மனி போய் வந்தார். 31-12-2022 அன்று, 95-வது வயதில், வாடிகனிலேயே கண்ணை மூடினார்.

கரடி ஊர் திரும்பியது. அவர் திரும்பவில்லை.