இதயம் தளர்ந்தால் தசை ஏன் கரைகிறது?

டெல்லியின் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடையே இப்படிச் சிலரைக் காணலாம். கால் வீங்கியிருக்கும், கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழும். அதே ஆளுக்குக் கன்னம் ஒட்டி, காறையெலும்பு துருத்தி நிற்கும். பெண்கள் என்றால் வளையல் முழங்கை வரை ஏறும். "சரியாவே சாப்பிடறதில்ல டாக்டர், அதான் இப்படி" என்பார்கள் வீட்டார். சாப்பாடும் ஒரு காரணம்தான். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் தசையைக் கரைக்கக்கூடியது இந்த நோய்.

இதயம் தள்ளும் ரத்தம் குறைந்ததும், ரத்தம் எங்கோ கொட்டிப்போகிறது என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. அட்ரினலினும் நார்அட்ரினலினும் சுரக்கின்றன. சிறுநீரகம் ரெனினை வெளியிடுகிறது. அதைத் தொடர்ந்து ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டீரோன் ஆகிய ஹார்மோன்கள் உயர்ந்து உப்பையும் நீரையும் தேக்குகின்றன. அடிபட்டவருக்குச் சில மணி நேரம் உயிர்காக்கும் ஏற்பாடு இது. மாதக்கணக்கில் நீடித்தால் தசைக்குக் கேடு. ஆஞ்சியோடென்சின் தசைப் புரதம் உடைவதை முடுக்கிவிடுகிறது; தசையை வளர்க்கும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற காரணியைக் குறைக்கிறது. கார்டிசால் ஏறுகிறது, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் இறங்குகிறது, இன்சுலின் சொல்வதைத் தசை சரியாகக் கேட்பதில்லை.

இதோடு அழற்சியும் சேர்கிறது. தீவிர இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் ரத்தத்தில் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் மிகுந்திருப்பதை 1990-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். அது மிகுந்திருந்தவர்களே அதிகம் மெலிந்தும் இருந்தார்கள். காய்ச்சல் இல்லை, தொற்று இல்லை. பிறகு அழற்சி எங்கிருந்து வருகிறது? ஒரு வலுவான விளக்கம் குடலைக் காட்டுகிறது. இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்தால் திரும்பி வரும் ரத்தம் தேங்குகிறது. கால் வீங்குவதைப் போலவே குடற்சுவரும் வீங்கி, பாக்டீரியாக்களின் நச்சு அதன் வழியே ரத்தத்தில் கசிகிறது. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், உடல் வீங்கியிருந்த நோயாளிகளிடம் இந்த நச்சு அதிகமாக இருந்தது. நீரைப் பிரிக்கும் மாத்திரையால் வீக்கம் வடிந்தபோது அதுவும் குறைந்தது. இரண்டு கவளத்திலேயே வயிறு நிரம்பிவிட்டது என்று நோயாளி தட்டைத் தள்ளுவதற்கும் இந்த வீக்கம் ஒரு காரணம். அதைப் பிடிவாதம் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

டெல்லிக்கு இந்த வலப்பக்கத் தளர்ச்சி புதிதல்ல. பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த எஸ். பத்மாவதி இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணர். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது, நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோன டெல்லி நோயாளிகள் 127 பேரைப் பற்றி 1959-ல் எழுதினார். பெண்களையும் இந்நோய் பெருமளவில் தாக்குவதைக் கண்டு, விறகும் வறட்டியும் எரியும் அடுப்புப் புகையை நோக்கிக் கைகாட்டியவர்களில் அவர் முன்னோடி.

இதயமே தசைக்கு எதிராகச் செய்தி அனுப்புகிறது என்பது இன்னும் வியப்பானது. தசை வளர்ச்சியைத் தடுக்கும் மயோஸ்டாட்டின் என்ற பொருளைத் தளர்ந்த இதயம் ரத்தத்தில் விடுகிறது. எலிகளின் இதயத்தில் மட்டும் அதை உண்டாக்கும் மரபணுவை நீக்கியபோது கால் தசை மெலியவில்லை என்று 2010-ல் ஓர் ஆய்வு காட்டியது.

மெலிவை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு 1997-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றே போதும். 171 நோயாளிகளில், தாமாக முயலாமலே எடையில் 7.5 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்களில் பாதிப்பேர் 18 மாதத்துக்குள் இறந்தார்கள். மற்றவர்களில் இறந்தவர்கள் 17 சதவீதம்.

டி.என்.எஃப்.தான் குற்றவாளி என்றால் அதைத் தடுத்துவிடலாமே? தடுத்துப் பார்த்தார்கள். அதைத் தடுக்கும் மருந்துகளில் எட்டனர்செப்ட் பலன் தரவில்லை. இன்ஃப்ளிக்சிமாப் அதிக அளவில் கொடுக்கப்பட்டவர்களுக்கு நோய் முற்றியது. கைகொடுத்தது ஹார்மோன் பக்கம்தான். கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் முன்னின்று நடத்திய எனலாப்ரில் ஆய்வின் தரவுகளை 2003-ல் மீண்டும் அலசியபோது, ஆஞ்சியோடென்சினைக் குறைக்கும் அந்த மாத்திரை எடை இழப்பின் அபாயத்தை 19 சதவீதம் குறைத்திருந்தது தெரிந்தது. எளிய, மலிவான மாத்திரை. "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று இதுபோன்ற மருந்துகளைத் தாமாக நிறுத்திவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

எடை பார்க்கும் கருவி இந்த நோயில் ஏமாற்றவும் செய்யும்: தசை குறையும், நீர் கூடும், முள் அப்படியே நிற்கும். அதனால் மேற்கையையும் தொடையையும் கவனியுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது பெரும்பாலும் நீர். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இதய நோயாளி என்பதற்காகக் கஞ்சியோடும் ரச சாதத்தோடும் நிறுத்திவிடாதீர்கள். பருப்பு, முட்டை, மீன், பனீர் எவ்வளவு சேர்க்கலாம் என்று, சிறுநீரகத்தின் நிலையையும் சொல்லிக் கேளுங்கள். உப்பைக் குறையுங்கள். மருத்துவர் அனுமதித்தால் தினமும் நடக்கச் செய்யுங்கள்; டெல்லியில் புகைமூட்டம் கவிந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது கடந்த ஆறு மாத எடையை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.