கோர்ட்டுச் செலவு கேட்டு நோட்டீஸ் வந்தால்... நாள் தவறினால் சம்பளத்துக்கு ஜப்தி!

வழக்கில் தோற்றவர்களில் பலர் அதன் பிறகு கோர்ட்டு இருக்கும் திசையிலேயே தலைவைத்துப் படுப்பதில்லை. "போனது போகட்டும்" என்று பிழைப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து அமீனா வாசலில் வந்து நிற்கும்போதுதான், எதிர்த்தரப்பின் செலவும் தங்கள் தலையில் விழுந்திருப்பது அவர்களுக்குத் தெரிய வருகிறது.

சித்தூரிலும் திருப்பதியிலும் பிழைக்க வந்த தமிழர்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 1953-ஆம் வருஷம் வரை சித்தூர் சென்னை ராஜ்யத்து ஜில்லாதான். ஆனால் இன்று கோர்ட்டுக் காகிதம் தெலுங்கில் வரும், அல்லது ஆங்கிலத்தில் வரும். படிக்கத் தெரியாத காகிதத்தை அலமாரியில் செருகி வைத்துவிட்டு ஊருக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதத்துக்குள் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நல்ல வேளையாக, சட்டம் ஒன்றுதான். 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம் வேலூருக்கும் சித்தூருக்கும் பொது.

பட்டியலில் என்ன இருக்கும்?

திருப்பதியில் ஒரு லாட்ஜில் கணக்கெழுதும் குமாஸ்தா, வீட்டு அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை என்று வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட்டுத் தோற்றார் என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்பின் கடைசி வரியில் "செலவுத் தொகையுடன் தள்ளுபடி" என்று இருக்கும். ஜெயித்தவருக்குச் செலவு கிடைப்பதுதான் வழக்கம். கொடுக்க வேண்டாம் என்று நீதிபதி நினைத்தால் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்கிறது 35-ஆம் பிரிவு.

ஸ்டாம்பு, சம்மன் கட்டணம், சாட்சிப் படி, வக்கீல் பீஸ் எல்லாம் செலவுப் பட்டியலில் ஏறும். வீட்டுக்காரர் தம் வக்கீலுக்கு எத்தனை ஆயிரம் கொடுத்தார் என்பது இங்கே கணக்கு அல்ல. விதிகளில் சொன்ன பீஸ்தான் கணக்கு. ஆகையால் பட்டியலின் நகலை வாங்கி வரிவரியாகப் பார்க்க வேண்டும். வராத சாட்சிக்குப் படி போட்டிருக்கிறதா? கூட்டல் சரிதானா? கைப்பிழை, கூட்டல் பிழை என்றால் 152-ஆம் பிரிவின்படி எப்போது வேண்டுமானாலும் திருத்தச் சொல்லி மனுப் போடலாம். செலவு கொடுக்கச் சொன்னதே தவறு என்றால் அப்பீல்தான் வழி. ஜில்லா கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். நகல் எடுக்கச் செல்லும் காலம் இதில் கழிந்துவிடும். அதற்கு நகல் மனுவை உடனே போட்டிருக்க வேண்டும்.

பொய் வழக்கு என்று தண்டமாகப் போடும் நஷ்ட ஈடு வேறு. அது 35-ஏ பிரிவு. அதற்கு உச்ச வரம்பு 3,000 ரூபாய்.

நாற்பத்தைந்து லட்சம் என்ன ஆயிற்று?

"கோர்ட்டே போட்ட தொகை, யாரால் மாற்ற முடியும்?" என்று கேட்பார்கள். சேலம் வக்கீல்கள் சங்கம் தொடுத்த பிரபல வழக்கில் 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு, பெயருக்குச் செலவு போடுவதால்தான் வெட்டி வழக்குகள் பெருகுகின்றன, நியாயமாக ஆன செலவைக் கொடுக்கச் சொல்ல வேண்டும் என்றது. அதன் பிறகு கீழ்க் கோர்ட்டுகள் செலவை இலேசாக விடுவதில்லை. ஆனால் தில்லியில் ஒரு வழக்கில் ஹைகோர்ட்டு 45,28,000 ரூபாய் செலவுத் தொகை போட்டபோது, தோற்றவர் சும்மா இருக்கவில்லை. மேலே போனார். விதிகளுக்கு உட்பட்டுத்தான் செலவு போட முடியும் என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தொகையை ரத்துச் செய்தது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாற்பத்தைந்து லட்சமும் அவர் கடன்தான்.

பணம் கட்டுகிறவர்கள் கவனிக்க

தொகை சரிதான், கட்டிவிடலாம் என்று நினைப்பவர்களும் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் கையில் பணத்தைக் கொடுத்து, "சரி, முடிந்தது" என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோர்ட்டில் பதிவாகாத பணத்தை, டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டு கண்ணெடுத்துப் பார்க்காது. அதே பணத்தை மறுபடி கேட்டால் மறுபடி கட்ட வேண்டியதுதான். எனவே கோர்ட்டிலேயே கட்ட வேண்டும். வெளியே கொடுத்தால் எழுத்து மூலமான ரசீது வாங்கி, 30 நாளுக்குள் பதிவு செய்யச் சொல்லி மனுப் போட வேண்டும்.

தவணை கேட்பதற்கும் டிக்ரி தேதியிலிருந்து அதே 30 நாள்தான். டிக்ரிக்குப் பின் என்றால் எதிர்த்தரப்பும் சம்மதிக்க வேண்டும். சமாதானமாகப் பேச ஆள் வைப்பதானால் அந்த ஒரு மாதத்துக்குள் வைப்பது நல்லது.

அமீனா வரும்போது

டிக்ரிக்கு ஆயுள் 12 வருஷம். இரண்டு வருஷம் கழிந்து நிறைவேற்றக் கேட்டால் முதலில் நோட்டீஸ் வர வேண்டும். நோட்டீஸில் குறித்த தேதியில் நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகி ஆட்சேபணை சொல்ல வேண்டும். வராவிட்டால் ஜப்தி உத்தரவு ஆகிவிடும். ராணிப்பேட்டைக்கோ சென்னைக்கோ வேலை மாறிப் போனாலும் தப்ப முடியாது. டிக்ரியை அந்த ஊர்க் கோர்ட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

ரூம் மாறுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வழக்கில் எழுதிக் கொடுத்த விலாசத்துக்கு நோட்டீஸ் போனாலே சார்வு ஆனதாகக் கணக்கு. விலாசம் மாறினால் வக்கீலிடம் சொல்லிக் கோர்ட்டிலும் மாற்ற வேண்டும்.

சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம்? முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. 16,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 5,000 வரை பிடிக்கலாம், மொத்தம் 24 மாதம். கூலித் தொழிலாளி, வீட்டு வேலைக்காரர் கூலியைத் தொடவே கூடாது. ஆனால் முதலாளியிடம் உத்தரவு வந்த பிறகு இதைச் சொல்லி அலைவதைவிட, நோட்டீஸ் வந்த அன்றே சொல்வது மேல்.

சிறைவாசம் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேற்படாத டிக்ரிக்குச் சிறை கிடையாது. பணக் கடனுக்குப் பெண்களைக் கைது செய்யக்கூடாது. வசதி இருந்தும் கொடுக்காதவருக்குத்தான் சிறை என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லாதவர்கள் சித்தூரில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. தெலுங்குக் காகிதத்தைக் கையோடு கொண்டு போக வேண்டும், வந்த கவருடன் சேர்த்து. கவர் மேல் உள்ள தபால் முத்திரைதான், எந்தத் தேதியில் கிடைத்தது என்பதற்குச் சாட்சி.