பெருங்கடைப் பணியாளரும் பொதுமக்கள் மனமும்



முட்டுக்காட்டில் படகுத் துறைக்குப் போகும் வழியில் மளிகைக் கடை நடத்திவரும் நம் உறுப்பினர் ஒருவர், சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு சம்பவத்தைச் சொன்னார். அவருடைய பல வருட வாடிக்கையாளர் ஓர் அம்மாள். அந்த அம்மாளின் மகள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய தொடர் கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறார். "காலு வீங்கிப்போய் வருது அண்ணாச்சி, பத்து மணி நேரம் நிக்க வைக்கிறாங்க" என்று அம்மாள் வருத்தப்பட்டிருக்கிறார். வருத்தப்பட்டுவிட்டு அரைக் கிலோ வெல்லம் மட்டும் வாங்கியிருக்கிறார். மாதச் சாமானெல்லாம் எங்கே என்று நம்மவர் கேட்க, அதே பெருங்கடையில்தான் என்று பதில். "கஷ்டம் தெரியுதுதான். எண்ணெய் பாக்கெட்டுக்கு எட்டு ரூபா குறையுதே. பொண்ணு சம்பளத்துலதானே அதையும் பார்க்கணும்?"

இத்துடன் நின்றிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அம்மாள் படியிறங்கும்போது கடைப்பையனைப் பார்த்து, "உங்க பையன் மட்டும் எப்ப உட்காருறான் அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கூட்டத்தில் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் சிலர், பேசாமல் இருந்தவர்கள் பலர். ஆகவேதான் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எழுதலாம் என்று எண்ணினோம்.

பெருங்கடைகளை எதிர்த்து நம் வணிகர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். 2012 செப்டம்பரில் மத்திய அரசு பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய நேரடி முதலீட்டை அனுமதித்தபோது நாடெங்கும் கடையடைப்பு நடந்தது. அனுமதிப்பதா வேண்டாமா என்பது மாநிலங்களின் முடிவுக்கு விடப்பட்டதால் தமிழ்நாடு அரசு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வால்மார்ட் நிறுவனம் பாரதி குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து 2009-ல் அமிர்தசரசில் மொத்த விற்பனைக் கடை திறந்ததும், 2013-ல் அந்தக் கூட்டு முறிந்ததும், பிறகு 2018-ல் சுமார் 1,600 கோடி டாலர் கொடுத்து பிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கி வேறு வாசல் வழியாக உள்ளே வந்ததும் வாசகர்கள் அறிந்ததே. அந்நாட்களில் நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்பட்ட வாதங்களுள் ஒன்று, "வால்மார்ட் தன் தொழிலாளிகளைப் பிழிந்து எடுக்கிறது" என்பது. அது எந்த அளவுக்கு உண்மை, அதைக் கேட்டு அந்நாட்டு மக்கள் என்ன செய்தார்கள் என்பதை யாரும் நிதானமாகச் சொன்னதாக நினைவில்லை.

சாம் வால்டன் என்பவர் 1962-ல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ராஜர்ஸ் என்ற சிற்றூரில் முதல் வால்மார்ட் கடையைத் திறந்தார். இன்று உலகெங்கும் அதில் சுமார் 21 லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள். தனியார் நிறுவனங்களில் இதைவிட அதிகம் பேருக்குச் சம்பளம் கொடுப்பது எதுவுமில்லை. குறைந்த விலைக்கு விற்பதே அதன் கொள்கை. குறைந்த விலை எங்கிருந்து வருகிறது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொள்முதலில் அடிக்க வேண்டும், போக்குவரத்தில் மிச்சம் பிடிக்க வேண்டும், கூலியைக் கட்டுப்படுத்த வேண்டும். முதல் இரண்டிலும் அவர்கள் வல்லவர்கள் என்பதை நாமே ஒப்புக்கொண்டு பாடம் கற்கலாம். மூன்றாவதில்தான் கெட்ட பெயர்.

உணவு இடைவேளையில் வேலை வாங்கியது, வேலை நேரம் முடிந்த பிறகும் கணக்கில் சேர்க்காமல் வேலை வாங்கியது என்ற புகார்கள் மாநிலம் மாநிலமாக வழக்குகளாயின. 2008 டிசம்பரில் அறுபதுக்கும் மேற்பட்ட அத்தகைய வழக்குகளைச் சேர்த்து அதிகபட்சம் 64 கோடி டாலர் வரை கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நிறுவனம் சம்மதித்தது. பெண்களுக்குச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாரபட்சம் என்று 2001-ல் போடப்பட்ட வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. சுமார் 15 லட்சம் பெண்கள் சார்பில் ஒரே வழக்காக நடத்த முடியாது என்று 2011-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாரபட்சம் இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததாகச் சிலர் பேசுகிறார்கள். அது சரியல்ல. எல்லோரையும் ஒரே வழக்கில் சேர்க்க முடியாது என்பதே தீர்ப்பு.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஜோன்கியர் என்ற ஊர்க் கடையில் 2004-ல் ஊழியர்கள் சங்கம் அமைத்து அங்கீகாரமும் பெற்றார்கள். 2005 ஏப்ரலில் நிறுவனம் அந்தக் கடையையே மூடிவிட்டது. சுமார் 190 பேருக்கு வேலை போயிற்று. கடை லாபமாக ஓடவில்லை என்று நிறுவனம் சொன்னது. 2014-ல் கனடா உச்ச நீதிமன்றம் அந்த மூடல் தொழிலாளர் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. ஒன்பது வருடம் கழித்து!

2013 நவம்பரில் நடந்த இன்னொன்று மிகச் சிறிய விஷயம். ஆனால் மக்கள் மனத்தில் வழக்குகளைவிட இதுவே அதிகம் பதிந்தது. ஓஹையோ மாநிலத்துக் கேண்டன் நகரக் கடையில், பண்டிகைச் சாப்பாட்டுக்கு வழியில்லாத சக ஊழியர்களுக்காக உணவுப் பொருள் போடுங்கள் என்று ஊழியர்களிடமே கேட்டுப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். நல்லெண்ணத்தில் வைத்தோம் என்றது நிர்வாகம். உலகத்திலேயே பெரிய மளிகைக் கடையில் வேலை பார்ப்பவன் வீட்டில் மளிகை இல்லையா என்று நாடே கேட்டது. 2020-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலக அறிக்கை, அரசின் உணவு உதவியையும் மருத்துவ உதவியையும் பெறும் தொழிலாளர்களை அதிகமாக வேலையில் வைத்திருக்கும் நிறுவனங்களின் வரிசையில் வால்மார்ட்டையும் குறிப்பிட்டது. கூலியில் குறைத்ததை வரி கட்டும் பொதுமக்கள் நிரப்புகிறார்கள் என்பது இதன் பொருள்.

இவ்வளவு நடந்தும் கூட்டம் குறைந்ததா? குறையவில்லை. 2005-ல் எதிர்ப்பு உச்சத்தில் இருந்தபோது, கண்டனப் படம்கூட வெளிவந்த அதே வருடம், பியூ என்ற ஆய்வு நிறுவனம் மக்களைக் கேட்டது. பக்கத்தில் வால்மார்ட் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேர் அது சாமான் வாங்க நல்ல இடம் என்றார்கள். வேலை பார்க்க நல்ல இடமா என்று கேட்டதற்கு ஆம் என்றவர்கள் பாதிக்குச் சற்றுக் கூடுதலே. முட்டுக்காட்டு அம்மாள் சொன்னதும் ஏறக்குறைய இதுவேதான். மனிதர்கள் இரட்டை வேடம் போடுகிறார்கள் என்று நாம் கோபப்படுவதில் பயனில்லை. குறைந்த வருமானக் குடும்பத்துக்கு எட்டு ரூபாய் எட்டு ரூபாய்தான். இரக்கம் ஒரு கணக்கு, கைச்செலவு ஒரு கணக்கு. இரண்டும் ஒரே நோட்டில் எழுதப்படுவதில்லை.

ஆனால் மக்கள் கருத்துக்குப் பலனே இல்லை என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. வாங்குவதை நிறுத்தாத மக்கள் பேசுவதையும் நிறுத்தவில்லை. அந்தப் பேச்சு சட்டசபைக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. 2015-ல் வால்மார்ட் தானாகவே தன் குறைந்தபட்ச மணிக்கூலியை 9 டாலராகவும் அடுத்த ஆண்டு பெரும்பாலோருக்கு 10 டாலராகவும் உயர்த்துவதாக அறிவித்தது. நல்ல ஆட்கள் நிற்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். ஜெர்மனியில் 1997-ல் நுழைந்து 2006-ல் கடைகளை விற்றுவிட்டு வெளியேறியதற்கு முக்கியக் காரணம் விலைப்போட்டி. ஆயினும் வாடிக்கையாளரைப் பார்த்துக் கட்டாயம் சிரிக்க வேண்டும், ஊழியர்கள் தங்களுக்குள் காதலிக்கக் கூடாது என்ற விதிகளை அங்குள்ளவர்கள் கேலி செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். (நம் ஊரில் கட்டளையிட்டால்கூடச் சிரிக்காத கடைக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

இனி நம் பக்கம். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் தென்மாவட்டங்களிலிருந்து வந்து நின்றே வேலை செய்யும் பிள்ளைகளின் வாழ்க்கையை வசந்தபாலன் 2010-ல் 'அங்காடித் தெரு' படமாக எடுத்தார். படம் பார்த்து அழுதவர்கள் அடுத்த தீபாவளிக்கும் அங்கேதான் துணி எடுத்தார்கள். கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் கழிப்பறை கேட்டுத் தொடங்கிய போராட்டம், உட்காரும் உரிமை கேட்கும் போராட்டமாக வளர்ந்தது. விஜி என்பவரின் 'பெண்கூட்டு' அமைப்பு அதில் முன்னின்றது. 2018-ல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டசபையிலும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா நிறைவேறியது. பணி நேரத்தில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ள ஏற்ற இருக்கை எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஏழு மாடி ஜவுளிக்கடைக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அதே சட்டத்தின் பழைய பிரிவுகளும் நினைவுபடுத்தத் தக்கவை. 1947-லேயே வந்த சட்டம் இது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது சாதாரண வேலை. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தவனுக்கு ஒரு மணி நேர ஓய்வு. வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருப்போர் இ.எஸ்.ஐ. விஷயத்தையும் கவனிக்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு அது பொருந்தும். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம்.

காலை ஆறரைக்குக் கதவு திறந்து இரவு பத்துக்கு மூடும் கடையில் ஒரே பையன் என்றால் மேற்கண்ட கணக்கு எப்படி ஒத்துவரும் என்று உறுப்பினர்கள் கேட்பது நியாயமே. ஒத்துவராது. இதை மறைத்துப் பேச நமக்கு விருப்பமில்லை. இரண்டு பேரை முறை வைத்து அழைத்தால் சம்பளச் செலவு கூடும், அந்தக் கூடுதல் விலையில் ஏறினால் எட்டு ரூபாய் வித்தியாசம் பத்தாகும். பெருங்கடைக்கு இருக்கும் அதே நெருக்கடி சிறிய அளவில் நமக்கும் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், நம் கடைப்பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று நமக்குத் தெரியும், கோவளத்துக்காரர்களுக்கும் கேளம்பாக்கத்துக்காரர்களுக்கும் தெரியும். பெருங்கடையில் நடப்பதை மக்கள் செய்தியில் படிக்கிறார்கள். நம் கடையில் நடப்பதைப் படியில் நின்று பார்க்கிறார்கள்.

செலவில்லாதவையும் இருக்கின்றன. மதியம் இரண்டு முதல் நான்கு வரை தெருவில் ஆளே இல்லாத நேரத்தில் பையனை வீட்டுக்கு அனுப்பலாம். கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடைகளில் சனி, ஞாயிறு கூட்டம் அதிகமாதலால் செவ்வாயோ புதனோ விடுப்பு கொடுக்கலாம். சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுத்து ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கலாம். பொட்டலம் கட்டுவதையும் சில்லறை எண்ணுவதையும் நின்றுதான் செய்ய வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் இல்லை.

மேலே சொன்ன உறுப்பினர் மறுநாளே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருக்கிறார். முதல் வாரம் முழுவதும் பையன் அதன் மேல் சர்க்கரை டின்னைத்தான் வைத்திருந்தானாம். முதலாளி நிற்கும்போது உட்காரக் கூச்சம். இருமுறை அதட்டிச் சொன்ன பிறகே உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இப்பொருள் விவாதத்துக்கு வருகிறது. உறுப்பினர்கள் தத்தம் கடையில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறார்கள், வார விடுப்பு எந்த நாள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.