நண்பருக்கு மும்பையைக் காட்டினோம்

ஊரிலிருந்து நண்பர்கள் வந்தால், மும்பைவாழ் தமிழர் பலரும் அவர்களை நேரே 'கேட்வே ஆப் இந்தியா'வுக்கு அழைத்துச் செல்வோம். ஒரு படம், சிறிது கடற்காற்று, மாலையில் மாதுங்காவில் காப்பி. அத்துடன் கடமை தீர்ந்தது. சென்ற முறை வந்த நண்பரோ, சத்திரபதி சிவாஜி நிலையத்தின் வாயிலில் அண்ணாந்து பார்த்து, "இக்கல்லில் இத்தனை இலையும் விலங்கும் செதுக்கியவர் யார்?" என்று வினவினார். முப்பது ஆண்டுகள் அவ்வழியே வேலைக்குச் சென்ற நமக்கு விடை தெரியவில்லை. நாணமுற்றோம். பின்னர்த் தேடி அறிந்தவற்றையே இங்குக் கூறுகிறோம்.

அந்நிலையத்தை வரைந்தவர் பிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். 1878-இல் தொடங்கிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடந்தது. சிற்ப வேலையில் பெரும்பங்கு ஜே.ஜே. கலைப்பள்ளியைச் சார்ந்தது. வாயில் தூண்களில் அமர்ந்திருக்கும் சிங்கம் பிரிட்டனையும், புலி இந்தியாவையும் குறிக்கும்.

அங்கிருந்து தெற்கே நடந்து, புளோரா நீரூற்றைக் கடந்து, ஓவல் மைதானத்தின் நடுவில் நில்லுங்கள். மாலை வேளையே ஏற்றது. மேற்கு வெயில் கிழக்கிலுள்ள இராஜாபாய் கோபுரத்தின்மேல் விழும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் பருத்தி வாணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய பிரேம்சந்த் ராய்சந்த், தம் அன்னையின் பெயர் விளங்க அதற்குப் பொருள் வழங்கினார். பார்வையிழந்த அவ்வன்னை, அந்தி சாயுமுன் உண்ணும் சமண நெறியை மணியோசை கேட்டுக் காத்தார் என்பது வழிவழிக் கதை.

இனி மேற்கே திரும்புங்கள். கோபுரம் எழுந்த நாளில் அப்பக்கம் கடல் இருந்தது. கடலைத் தூர்த்த நிலத்தில், 1930-களில், வளைந்த மாடங்களும் வெயில் தடுக்கும் விளிம்புகளும் கொண்ட 'ஆர்ட் டெகோ' வீடுகள் எழுந்தன. அவற்றைக் கட்டுவித்தோரும் வரைந்தோரும் பெரும்பாலும் இந்தியரே. ஆட்சியாளர் கட்டியவை ஒருபுறம், நகரத்தார் தமக்கெனக் கட்டியவை மறுபுறம்; நடுவே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகின்றனர். இவ்விரு வரிசைகளும் சேர்ந்தே 2018-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின.

'கேட்வே' வேண்டாமா என்பீர்கள். வேண்டும், இறுதியில். 1911-இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வந்திறங்கியதன் நினைவாக எழுப்பிய வாயில் அது. 1948 பிப்ரவரியில் கடைசி ஆங்கிலப் படை அதன் வழியேதான் வெளியேறியது. இதைச் சொல்லிக் காட்டினால் போதும்.

நண்பர் ஊர் சேர்ந்ததும் கடிதம் எழுதினார்: "உங்கள் ஊரைக் கண்டு மகிழ்ந்தேன்." 'உங்கள் ஊர்' என்ற சொல்லை நாம் இருமுறை படித்தோம்.