திட்டினால் மழை, திட்டாவிட்டால் கோபம்! அங்கிகாப் பாட்டு… தெரியுமா?

கர்ணன் எந்த நாட்டுக்கு ராஜா? ‘அங்க தேசம்’ என்று பட்டென்று சொல்லிவிடுவீர்கள்! அது இன்று எங்கே இருக்கிறது, தெரியுமா? பிகாரில் பாகல்பூர், முங்கேர், பாங்கா. ஜார்க்கண்டில் கோட்டா, சாகிப்கஞ்ச்! அங்கே கிராமத்து ஜனங்களின் பேச்சு அங்கிகா. பேசுவதைவிடப் பாடுவதுதான் அதிகமோ? பிள்ளை பிறந்தால் ‘சோகர்’, நாற்று நட ‘ரோப்னி’ பாட்டு, மழைக்காலத்துக்குக் ‘கஜ்ரி’, சித்திரைக்குச் ‘சைதா’, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது ஊரே அழ ‘சம்தாவுன்’! பச்சை குத்தக்கூடத் தனிப் பாட்டு உண்டு. ஊசி வலி தெரியக்கூடாதாம்!

சோகரில் ஒரு சங்கடம். ஆண் பிள்ளை பிறந்தால்தான் பாட்டு என்பது பழைய வழக்கம். பாடுவதோ முழுக்கப் பெண்கள்! கொடுமைதானே?

விடியுமுன் மாவு திரிக்கவும் பாட்டு! பெயர் ‘ஜாந்த்சார்’. மாமியார் கொடுமை, பிழைக்கப் போய்த் திரும்பாத புருஷன் என்று உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். எந்திரக்கல் இரைச்சலில் மாமியார் காதில் எவ்வளவு விழுந்திருக்கும்? மாவு மில் வந்தது, கல்லும் ஓய்ந்தது, பாட்டும் ஓய்ந்தது!

முதலிரவில் பாம்பு கடித்துச் செத்தவனை உயிரோடு மீட்ட பெண்ணைத் தெரியுமா? அவள்தான் பிகுலா! பாகல்பூரை ஒட்டிய சம்பாநகர் வணிகன் சாந்தோ சௌதாகர் பரம சிவபக்தன். நாகதேவி பிஷஹரியைக் கும்பிடவே மாட்டேன் என்றான். பிள்ளைகள் ஆறு பேரும் போனார்கள்! ஏழாமவன் பாலாவுக்கு இரும்பாலேயே மணவறை கட்டினான். மயிரிழை ஓட்டை ஒன்று போதாதா பாம்புக்கு? கணவன் உடலோடு கங்கையில் மிதந்து போன பிகுலா, தேவலோகம்வரை போய் உயிரை வாங்கி வந்தாள்! கடைசியில் சாந்தோ பூஜை செய்தானா? செய்தான், இடது கையால்! என்ன வீம்பு பாருங்கள்!

இந்தக் கதை ஆகஸ்ட் நடுவில் வரும் பிஷஹரி பூஜையில் இன்றும் பாடப்படுகிறது. பாட்டு மட்டுமா? அதையே படமாகத் தீட்டுவதுதான் மஞ்சூஷா ஓவியம். எத்தனை நிறம் தெரியுமா? மூன்றே மூன்று: இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள்! 2021-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது!

64 எழுத்து முறைகளில் ஒன்று அங்க தேசத்துடையது! ‘லலிதவிஸ்தரம்’ என்ற பௌத்த நூலில் சிறுவன் சித்தார்த்தன் சொல்லும் பட்டியலில் நான்காவது இடம் ‘அங்க லிபி’க்கு! இன்றோ அங்கிகாவை எழுதுவது தேவநாகரியில். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் இது இல்லை! ஜார்க்கண்ட் மட்டும் 2018-ல் இரண்டாம் ஆட்சிமொழிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

வசவு வாங்கினால் மழை வருமா? வரும் என்று நம்பினார்கள் கோசி ஆற்றுப் பக்கத்துப் பெண்கள்! வானம் பொய்த்தால் இரவில் கூடி ‘ஜட்-ஜட்டின்’ ஆட்டம். புருஷன் பெண்டாட்டிச் சண்டைதான் பாட்டு. அதோடு விட்டார்களா? தவளையைப் பிடித்து உரலில் இடித்து, ஊரிலேயே வாய்த்துடுக்கான பெண்ணின் வாசலில் கொட்டிவிடுவார்களாம்! அவள் எவ்வளவு திட்டுகிறாளோ அவ்வளவு மழை! (தவளையை யார் கேட்டார்கள்?)

மாப்பிள்ளை ஊர்வலத்தோடு ஆண்களெல்லாம் பெண் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த இரவு மாப்பிள்ளை வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? ‘டோம்கச்’! பெண்களே வேட்டி கட்டி, மீசை வரைந்து, பொய்க் கல்யாணம் நடத்தி, பச்சை பச்சையாகக் கேலி பாடி விடியவிடியக் கூத்தடிப்பார்கள். ஆண்களுக்கு அனுமதியே இல்லை! ஆண் துணையில்லாத வீட்டுக்குத் திருடன் வராமல் இருக்க இதுவே காவலும்கூட!

அதே நேரம் பெண் வீட்டில்? பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் அப்பா, சித்தப்பா, மாமா என்று ஆளுக்கு ஆள் பெயர் சொல்லித் திட்டிப் பாடுவார்கள்! குடும்பத்துப் பெண்களையும் விட்டுவைப்பதில்லை. இதற்கு ‘காரி’ என்று பெயர். சம்பந்தி வீட்டார் இலையை விட்டு எழுந்துவிடுவார்களா? எங்கே எழுவது! சிரித்துக்கொண்டே இன்னொரு பூரி கேட்பார்கள். ஒரு வசவும் விழாவிட்டால்தான், ‘எங்களை மதிக்கவே இல்லை’ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களாம்!